புலி வேண்டாம்

திருச்சிராப்பள்ளியில் ஓடும் கார்களின் அந்தரங்கம் முழுவதையும் அறிந்திருந்த மனிதர் ஒருவரே. அவர் மெழுகு பாய். எந்த வண்டி எந்த மரத்தடியில் உறங்குகிறது, எது உப்புத் தண்ணீரில் குளிக்கிறது, எதை அதன் உரிமையாளர் பழைய பனியனால் துடைக்கிறார் என்பனவற்றையெல்லாம் வண்டியைத் தொட்டே சொல்லிவிடுவார். அவருடைய இயற்பெயரை நான் கேட்டதில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் வேதியியல் கற்பித்துத் துறைத் தலைவராக ஓய்வு பெற்ற ஒருவன், ஒரு கடைக்காரரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியமென்று அந்நாளில் எனக்குத் தோன்றவில்லை.

மேலப்புலிவார்டு ரோட்டில், டயர் கடை ஒன்றை ஒட்டி, நான்கு பேர் நின்றால் ஐந்தாமவர் தெருவில் நிற்க வேண்டிய கடை அவருடையது. காரைக் கழுவுவதற்கான ஷாம்பு, பாலிஷ், மெழுகு, மென்துணிகள் ஆகியவை மட்டுமே அங்கு விற்பனைக்கு இருந்தன. வாசலில் ஒரு பலகை: ‘கார் மொழுகு கிடைக்கும்.’ முதல் நாளே நான் அதைச் சுட்டிக்காட்டினேன்.

“பாய், மெழுகுன்னு இருக்கணும். மொழுகுன்னு ஒரு சொல்லே கிடையாது.”

“தெரியும் சார். அதப் பாத்துச் சிரிச்சுக்கிட்டேதான் எல்லாரும் உள்ள வராங்க. திருத்திட்டா யாரு சார் வருவா?”

அவரிடம் எதையும் எளிதில் வாங்கிவிட முடியாது. கடைக்கு வருபவர் வண்டியையும் கொண்டுவர வேண்டும். பாய் வெளியே வந்து, பூக்கடைப் பிளாஸ்டிக் பை ஒன்றை வலக்கை விரல்களில் மாட்டிக்கொண்டு, கண்களை மூடியபடி பானெட்டின் மேல் மெல்லத் தடவுவார். வெறும் விரலுக்கு வழவழப்பாகத் தோன்றும் பரப்பு, அந்த மெல்லிய பையினூடாக மணல்தாள் போல் நெருடும் என்பதை நானே சோதித்து அறிந்திருக்கிறேன். பிறகு விசாரணை தொடங்கும்.

“பொன்மலைப் பக்கம் நிறுத்துறீங்களா?”

“ஆமா பாய். எப்படித் தெரிஞ்சுது?”

“ரயில்வே பட்டறை இரும்புத் தூள் ஏறி இருக்கு. மொதல்ல அத எடுக்கணும். அதுக்கு மேல மெழுகு போட்டா அழுக்குக்குத்தான் பாதுகாப்பு. குளிக்காத ஆளுக்கு எதுக்குங்க சென்ட்டு?”

லால்குடியிலிருந்து ஒரு மிராசுதார், வாங்கி இரண்டு வாரமே ஆன காரில் வந்து இறங்கி, இருப்பதிலேயே விலை உயர்ந்த பாலிஷைக் கேட்டார். பாய் கொடுக்க மறுத்தார். மிராசுதார் குரலை உயர்த்தினார்.

“பாலிஷ்னா மேல் தோல ஒரு சுத்து சீவுறதுங்க,” என்றார் பாய் பொறுமையாக. “பச்சப் புள்ளைக்கு ஷேவிங் பண்ணுவீங்களா? ஷாம்பு போட்டுக் கழுவுங்க, மெழுகு போடுங்க. பாலிஷுக்கு அஞ்சு வருஷம் கழிச்சு வாங்க.”

அவருடைய மற்றொரு குணத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். கன்டோன்மென்ட் வக்கீல் ஒருவர், கதவில் நீளக் கீறலுடன் வந்து, திருவானைக்காவலில் மாடு உரசிவிட்டது என்றார். கீறல் முழுவதும் பச்சைப் பெயிண்டு அப்பியிருந்தது. வீட்டுக் கேட்டில் இடித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்பது அங்கிருந்த எனக்கே விளங்கிவிட்டது. வக்கீல் சென்றபின், “மாடு பச்சை நிறத்திலயா இருந்துது?” என்று கேட்டேன்.

“பொங்கலுக்குக் கொம்புல பூசியிருப்பாங்க சார்.”

“இது பொங்கல் மாதமா பாய்?”

பாய் துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: “பெயிண்டு எல்லாத்தையும் சொல்லிரும் சார். அது நம்ம காதோட போயிரணும். வண்டிக்காரரு மாடுன்னா மாடுதான்.”

அச்சொல்லை அன்று நகைச்சுவை என்றே எடுத்துக்கொண்டேன்.

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில், என் பரிந்துரையின் பேரில் ஏறக்குறைய எல்லாக் கார்க்காரர்களும் பாயின் வாடிக்கையாளர் ஆயினர். எந்த ஷாம்புவில் காரத்தன்மை மிகுதி, எந்த மெழுகு வெயில் தாங்கும் என்று மாலை நேரங்களில் நான் விளக்குவேன், பிறர் கேட்பர். பாய் சொன்னவற்றையே நான் வேதியியல் சொற்களில் மறுபடி சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதை எவரும் அறியார்.

சென்ற ஆண்டு சரஸ்வதி பூஜைக்கு, என் கருநீலக் காரின் பானெட்டில் மஞ்சளும் சந்தனமும் குழைத்து வட்டமாக இட்டு, நடுவில் குங்குமமும் வைத்தோம். “சாயங்காலமே ஈரத்துணியால ஒத்தி எடுத்துருங்க சார், தேய்க்காதீங்க,” என்று பாய் முன்னரே எச்சரித்திருந்தார். நான் மறந்தேன். பத்து நாள் வெயிலில் காய்ந்தபின் கழுவியபோது மஞ்சள் வட்டம் போகவில்லை.

அப்போது பாயிடம் சென்றிருக்கலாம். ஆனால், சொன்னதை மறந்துவிட்டேன் என்று அவரிடம் ஒப்புக்கொள்வது எனக்கு உவப்பாக இல்லை. எங்கள் வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எதனால் பளபளக்கிறது என்று சிந்தித்தேன். புளி. புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. அமிலம் கறையை நீக்கும். இதைவிடத் தெளிவான தர்க்கம் உண்டோ? காவலாளி கண்ணயர்ந்திருந்த பிற்பகலில், ஒரு பிடி புளியையும் விளக்குத் தேய்க்கும் தூளையும் தேங்காய் நாரையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். விளக்கைத் தேய்ப்பது போலவே தேய்த்தேன்.

கறை போயிற்று. அதனுடன் பளபளப்பும் போயிற்று. பானெட்டின் நடுவே, கண்ணில் புரை விழுந்தாற்போல், அப்பளம் அளவுக்கு ஒரு வெளிறிய வட்டம் நின்றது. மறைப்பதற்காக அதன்மேல் பாயின் மெழுகை அப்பினேன். கீறல்களில் மெழுகு இறங்கி, வட்டம் இன்னும் வெண்மையாகத் தெரிந்தது. அன்றிரவு சாத்தமுதுக்கு, அதாவது ரசத்துக்கு, புளி போதவில்லை என்று என் மனைவி வியந்தாள். நான் செய்தித்தாளில் ஆழ்ந்திருந்தேன்.

மறுநாள் காலை குடியிருப்போர் சங்கச் செயலாளர் வட்டத்தைப் பார்த்துவிட்டார். இன்னும் ஐந்தாறு பேர் கூடினர்.

“என்ன சார் இது, வண்டிக்கு வெண்குஷ்டம் வந்த மாதிரி இருக்கு?”

என் வாயிலிருந்து அந்த நான்கு சொற்கள் வந்தன. “எல்லாம் அந்த பாயோட மெழுகு.”

அவ்வளவுதான். முப்பத்து நான்கு ஆண்டு வேதியியல் கற்பித்தவன் சொன்ன பிறகு, ஐயப்பட யாருக்குத் துணிவு வரும்? செயலாளர் உடனே பாய்க்குப் போன் செய்தார். அரை மணியில் பாய் தம் மொபெட்டில் வந்து இறங்கினார். எல்லோரும் சூழ்ந்து நிற்க, பையை விரல்களில் மாட்டி, கண்ணை மூடி, அந்த வட்டத்தின்மேல் ஒரு முறை தடவினார். பிறகு பையைக் கழற்றிவிட்டு, பானெட்டும் கண்ணாடியும் சேரும் இடுக்கில் வெறும் விரலை ஓட்டி, அதை மூக்கருகே கொண்டுபோனார். ஒரு புளி நார் அந்த விரலில் ஒட்டியிருந்ததை நான் கண்டேன். அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

பணியில் இருந்த காலத்தில் எத்தனையோ மாணவர்களை நான் அவ்வாறு பார்த்திருக்கிறேன். பார்க்கப்பட்டது அன்றுதான்.

“என்னங்க பாய், உங்க சரக்குதானே?” என்றார் செயலாளர்.

பாய் விரலைக் கைலியில் துடைத்துக்கொண்டார். “ஆமாங்க. மெழுகுலதான் ஏதோ கோளாறு ஆயிருக்கு. சார் வண்டிய நானே சரி பண்ணித் தரேன்.”

மூன்று நாள் காலையில் வந்து, அந்த வட்டத்தைச் சிறிது சிறிதாகத் தேய்த்து மீட்டார். மூன்றாம் நாள் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். குனிந்த தலை நிமிராமலே சொன்னார்:

“விளக்குக்குப் புளி நல்லதுதான் சார். பித்தள தாங்கும். பெயிண்டு தாங்காது.”

“அதை எதுக்கு எங்கிட்டச் சொல்றீங்க?”

“பொதுவாச் சொன்னேன் சார்.”

அந்நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய சொல் ஒன்று இருந்தது. “ஓரத்தையும் கொஞ்சம் பார்த்துடுங்க” என்றேன். அவர் ஓரத்தையும் பார்த்தார். புறப்படும்போது ஒரு புதிய மெழுகு டப்பாவைக் கொடுத்தார். எந்த டப்பாவைக் கொடுத்தாலும், அதன் மூடியில் அந்த வண்டிக்கான ஒரு வரி அறிவுரையை மார்க்கர் பேனாவால் எழுதித் தருவது அவர் வழக்கம். என் டப்பாவில் எழுதியிருந்தது: ‘புலி வேண்டாம்.’

மாலையில் என் மனைவி அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

“ஏன்னா, புலி வேண்டாம்னு எழுதியிருக்கே, எந்தப் புலி?”

“அது கடை விலாசம். புலிவார்டு ரோடு.”

“விலாசம்னா எதுக்கு வேண்டாம்ங்கறார்? கடைக்கே வர வேண்டாமாமா?”

அன்றே பிளேடால் அந்த எழுத்துகளைச் சுரண்டி எடுத்துவிட்டேன்.

அதன்பின் எங்கள் அடுக்ககத்திலிருந்து ஒருவரும் அவர் கடைக்குச் செல்லவில்லை. செயலாளர் வாட்ஸ்அப்பில் எழுதியதைப் பார்த்து அடுத்த இரண்டு அடுக்ககத்தாரும் நிறுத்திக்கொண்டனர். ஒரு முறை அவ்வழியே சென்றபோது, பாய் தம் கடையின் டப்பாக்களைத் தாமே துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, “வண்டி எப்படி இருக்கு சார்?” என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். “நல்லாக் கழுவுங்க. நெழல்ல வச்சுக் கழுவுங்க,” என்றார்.

உண்மையைப் பொதுக்குழுவில் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, ஒரு பக்க அறிக்கை எழுதி எடுத்துச் சென்றேன். நிகழ்ச்சி நிரலில் மொட்டைமாடித் தொட்டிக் கசிவும் லிஃப்ட் பழுதும் முதலில் இருந்தன; என் பொருள் ‘இதர விஷயங்கள்’ என்பதன் கீழ் இறுதியில் வந்தது. அதற்குள் நாற்காலிகளை மடிக்கத் தொடங்கிவிட்டனர். “இதர விஷயம் எதாவது இருக்கா?” என்றார் செயலாளர். இல்லை என்றேன். அறிக்கையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அடுத்த கூட்டத்தில் சொல்லலாம் என்று இருந்தேன்.

அடுத்த கூட்டத்திற்கு முன்னரே ஒருநாள், கடையின் ஷட்டர் இறங்கியிருக்கக் கண்டு, டயர் கடைக்காரரிடம் விசாரித்தேன்.

“பாய் மௌத் ஆயிட்டாருங்க. பத்து நாளாச்சு. நெஞ்சு வலின்னு சொன்னாரு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.”

வீட்டைத் தேடிச் சென்றேன். இயற்பெயர் தெரியாத காரணத்தால், அந்தத் தெருவில் மூன்று பேரிடம் ‘மெழுகு பாய் வீடு’ என்று கேட்க நேர்ந்தது. அவருடைய மூத்த மகள் முக்காடை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றார். ஸ்ரீரங்கத்திலிருந்து வருவதாகச் சொன்னேன்.

“காலேஜ் சாரா? நீல வண்டி?” என்றார். “அத்தா சொல்லியிருக்காங்க. அவங்க மெழுகாலதான் உங்க வண்டி கெட்டுப்போச்சாமே. நல்ல மனுசரு வண்டிய கெடுத்துட்டேன்னு அடிக்கடி சொல்லுவாங்க. மனசுல வச்சுக்காதீங்க சார். அத்தாவ மன்னிச்சிருங்க.”

சொந்த வீட்டிலும் அவர் சொல்லவில்லை. என் பொய்யைத் தம் மகளின் காதுக்கும் உண்மையாகவே விட்டுச் சென்றிருக்கிறார்.

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கே பொருளில்லை. “பரவாயில்லம்மா” என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

அன்று முதல் எனக்கு உறக்கம் குறைவு. ஆகவே, அந்தப் பழைய அறிக்கையைத் திருத்தி எழுதி, கையொப்பமிட்டு, எங்கள் அடுக்ககத்தின் அறிவிப்புப் பலகையில் நேற்று ஒட்டினேன். படித்தவர் சிலர் என்னிடம் பேசவில்லை, அது முறையே. என் மனைவி மட்டும், “ஓ, அந்தப் புளியா?” என்றாள். இவ்விதழ் வெளிவந்ததும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டிற்கு நானே செல்வேன். இம்முறை அவருடைய தகப்பனாரின் பெயரையும் கேட்பேன்.

மெழுகு டப்பாவில் இன்னும் ஒரு விரற்கடை மீதமிருக்கிறது. பிளேடு சுரண்டிய தடம் மூடியில் அப்படியே உள்ளது. இன்று காலை ஒரு மார்க்கர் பேனா வாங்கி வந்து, அந்த இடத்தில் எழுத உட்கார்ந்தேன். பழக்கத்தால் கை ‘ளி’ போடப் போயிற்று. நிறுத்திக்கொண்டு, அவர் எழுதியிருந்தபடியே எழுதினேன்.