முர்டோ எம்.பி. வழி தவறிய கதை

ஸ்காட்லாந்துக்கு வடமேற்கே ஸ்கோரா என்று ஒரு தீவு. அந்தத் தீவில், மழை நின்றுவிட்டால் என்னவோ ஏதோ என்று மிருகங்கள் பதறி வெளியே ஓடிவரும் ஒரு காட்டில், முர்டோ என்றொரு செம்மறிக் கிடா இருந்தது. முகம் கறுப்பு, உடம்பு வெள்ளை, குணம் சாது. கொம்பு இருந்தது. ஆனால் யாரையும் முட்டியதில்லை.

தீவிலிருந்து அக்கரைக்குப் போக ஒரே ஒரு பழைய கப்பல்தான். ஆஸ்பத்திரி அக்கரையில் இருந்தது. ஒரு குளிர்காலத்தில் கப்பல் பழுதாகி நின்றுவிட்டது. அப்போது பார்த்து எஃபி என்னும் சடைமுடிப் பசுவின் இளைய கன்றுக்குக் கால் முறிந்தது. கப்பல் சரியாகும்வரை காத்திருந்தார்கள். அதற்குள் எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. கன்று அதற்குப் பிறகு ஓடவில்லை.

அந்த வருடம் தேர்தல் வந்தது. ஆளுங்கட்சி, வேட்பாளர் தேடித் தீவில் ஒரு கூட்டம் போட்டது. பாதிக் கூட்டத்தில் ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. எல்லோரும் ஓடி ஒதுங்கினார்கள். முர்டோ மட்டும் மேடைக்குப் பக்கத்தில் நின்றது. நனைந்த கம்பளியைச் சுமந்துகொண்டு அதனால் வேகமாக நகர முடியவில்லை. கட்சி அதைக் கொள்கை உறுதி என்று எடுத்துக்கொண்டது.

"கப்பலை இனி நிற்க விடமாட்டேன்" என்று எஃபியின் கன்றுக்கு முன்னால் நின்று முர்டோ வாக்குக் கொடுத்தது. மனசாரத்தான் கொடுத்தது. ஜெயித்தும்விட்டது. ஜெயித்தவரை 'அது' என்பது முறையல்ல என்பதால் இனி 'அவர்'.

தெற்கே, ஓர் ஆற்றங்கரையில், பழைய ஓக் மரத்தடியில் நாடாளுமன்றம் இருந்தது. கட்சியின் கொறடா, ரூபர்ட் என்ற மந்தைநாய். வாசலிலேயே முர்டோவைப் பிடித்துக்கொண்டது.

"இங்க ரெண்டு வளை இருக்கு. ஒண்ணு 'ஆம்' வளை, இன்னொண்ணு 'இல்லை' வளை. மணி அடிச்சா ஏதாவது ஒண்ணுல நுழைஞ்சு வெளியே வரணும். அதுதான் ஓட்டு."

"எதுல நுழையணும்னு எப்படித் தெரியும்?"

"அதோ போறாரே நம்ம கட்சி முயல், அவர் வாலைப் பாத்துக்கிட்டே போங்க. மத்ததைக் கட்சி பாத்துக்கும்."

"நான் பேசலாமா?"

"தாராளமா. உள்ள யாரும் இல்லாத நேரமாப் பாத்துச் சொல்றேன்."

முர்டோவுக்கு அந்த வேலை இயல்பாக வந்தது. முயலின் வால் வெள்ளையாக, உருண்டையாக, எளிதில் கண்ணில் படும்படி இருந்தது. அதன் பின்னாலேயே போய் எத்தனையோ சட்டங்களை நிறைவேற்றினார். செம்மறிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை மயிர் கத்தரிக்க வேண்டும் என்ற சட்டமும் அதில் ஒன்று. ஊருக்குத் திரும்பியபோது குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த சொந்தக்காரர்களைப் பார்த்து, "யார் கொண்டுவந்த சட்டம் இது?" என்று அவரே கேட்டார்.

வார இறுதிகளில் தொகுதி மக்களைப் பார்ப்பார். எஃபி தவறாமல் வருவாள்.

"நம்ம கப்பல் என்ன ஆச்சு தம்பி? புதுக் கப்பல் வருமா?"

"பரிசீலனையில இருக்கு அக்கா."

எஃபி கொஞ்ச நேரம் அசைபோட்டாள். "பரிசீலனையில எத்தனை பேர் ஏறலாம்?" என்றாள்.



பிறகு ஒருநாள் கடல்வழிச் சீரமைப்பு மசோதா வந்தது. சீரமைப்பு என்றால் என்ன என்று முர்டோ விசாரித்தார். ஸ்கோரா கப்பலை நிறுத்துவது என்றார்கள். அவர் நேரே ரூபர்ட்டிடம் போனார்.

"அது எங்க கப்பல்" என்றார்.

"உங்க கப்பல்தான். இது உங்க கட்சியும்தான்" என்றது ரூபர்ட். குரைக்கவில்லை. சும்மா அவரைச் சுற்றி ஒருமுறை நடந்தது. "மழைத்துறைக்கு இணையமைச்சர் தேடிக்கிட்டிருக்கோம். உங்க ஊர்க்காரங்களுக்கு மழையைப் பத்தித் தெரியாதா என்ன?"

முர்டோ தலையாட்டிவிட்டார். ஆட்டிய தலையோடு மன்றத்துப் புல்வெளியில் போய் நின்றார். புல் இறங்கவில்லை. கோணல் காலோடு நடக்கும் அந்தக் கன்றுதான் கண்ணுக்குள் நின்றது. மணி அடித்தது. கூட்டம் இடித்துக்கொண்டு நகர்ந்தது. முர்டோவின் கண்கள் கலங்கி வழிந்தன. கலங்கிய கண்ணுக்கு வெள்ளை வால் எல்லாம் ஒன்றுதான். எதிர்க்கட்சியிலும் ஒரு முயல் இருந்தது. அதன் பின்னால் போய், 'இல்லை' வளையில் நுழைந்து, வெளியே வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு ஓட்டில் மசோதா தோற்றது.

ரூபர்ட் ஊளையிட்டது. எதிர்க்கட்சிப் பன்றிகள் முர்டோவைத் தோளில் தூக்கின. தொலைக்காட்சி ஆந்தை ஒலிவாங்கியோடு பறந்து வந்தது.

"கட்சியை எதிர்த்து ஓட்டுப் போட்டிருக்கீங்க. மனசாட்சியா?"

"இல்லீங்க. வழி தவறிட்டேன்."

ஆந்தை கேமராவின் பக்கம் திரும்பியது. "கட்சி வழி தவறிவிட்டது என்று கண்ணீரோடு குற்றம்சாட்டுகிறார் முர்டோ!"

அவர் மறுத்தார். அதைத் தன்னடக்கம் என்றார்கள். கப்பல் பிழைத்தது. அது ஸ்கோரா துறைக்கு வந்தபோது ஊரே பைப் வாத்தியத்தோடு நின்றது. முர்டோவுக்குக் கல்லில் ஒரு சிலை வைக்கத் தீர்மானித்தார்கள். சிலை வைக்கப்படுபவரை நீக்கக் கட்சி தயங்கியது. கூட்டம் கலைந்ததும் அவர் எஃபியைத் தனியே கூப்பிட்டார்.

"அக்கா, நான் வேணும்னு அந்த வளைக்குப் போகல. தெரியாமப் போயிட்டேன்."

"அது கப்பலுக்குத் தெரியுமா?" என்றாள் எஃபி.

"தெரியாது."

"அப்ப விடு."

முர்டோவால் விட முடியவில்லை. போகும்போதும் வரும்போதும் அந்தச் சிலை கண்ணில் பட்டது. அது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேரே முன்னால் பார்த்தது. அப்படி ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று அவர் நினைத்தார். அன்றிலிருந்து மசோதாக்களைப் படிக்கத் தொடங்கினார். முயலின் வாலைப் பார்ப்பதை நிறுத்தினார். ஒரு செம்மறிக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று மற்றவர்களுக்குப் புரியாது.

அடுத்து வந்தது, கட்சி சாராத ஓர் உறுப்பினர் கொண்டுவந்த மீன் கூண்டு மசோதா. ஸ்கோரா விரிகுடா முழுக்க மீன் வளர்க்கும் கூண்டுகள். தீவில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. கழிவு கடலில் கொட்டுவதால் கூண்டுகளைக் குறைக்க வேண்டும் என்றது மசோதா. முர்டோவின் கட்சி கூடாது என்றது. எதிர்க்கட்சி, ஓட்டுக்குப் பயந்து, யோசிக்கிறோம் என்றது.

முர்டோ கரைக்குப் போய் ஒரு நீர்நாயைக் கேட்டார். "அடியில என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல" என்றது நீர்நாய். "முன்னாடி நண்டு இருந்துச்சு, சிப்பி இருந்துச்சு, ஹெர்ரிங் மீன் வந்துச்சு. இப்ப ஒண்ணுமே இல்ல."

மணி அடித்தது. முர்டோ கண்களை அகலத் திறந்துகொண்டு, முன்னால் யாரும் இல்லாத வழியில், 'ஆம்' வளைக்குள் நடந்தார். வெளியே வந்தபோது மனசு இதுவரை இல்லாத அளவு லேசாக இருந்தது. அவரைப் பார்த்து எதிர்க்கட்சிக்காரர்களும் ஒவ்வொருவராகப் பின்னாலேயே வந்தார்கள். மசோதா நிறைவேறியது.

ஆந்தை வந்தது. "மனசாட்சியா?"

"ஆமாங்க."

"முர்டோ விலைபோய்விட்டார்!" என்றது ஆந்தை.

கட்சி அவரை நீக்கியது. அடுத்த தேர்தலில் முர்டோ தனியாக நின்றார். 'கூண்டைக் காப்போம்' என்று இசபெல் என்ற கடல்வாத்து எதிர்த்து நின்றது. தோல்வி பெரிது. சிலையின் மீது யாரோ தாரைப் பூசினார்கள்.

முடிவு தெரிந்த மாலை, எஃபி அவர் வீட்டு வேலியருகே வந்து நின்றாள்.

"நானும் உனக்குப் போடல தம்பி. மூத்தவன் கூண்டுலதான் வேலை பாத்தான். இப்ப வீட்ல இருக்கான்."

"தெரியும் அக்கா."

"கோபமா?"

"இல்ல. உங்க இடத்துல இருந்தா நானும் போட்டிருக்க மாட்டேன்."

இருவரும் மழையில் சேர்ந்து மேய்ந்தார்கள்.

சில வருடங்கள் போயின. விரிகுடா தெளிந்தது. ஒரு வசந்தத்தில் ஹெர்ரிங் மீன்கள் வெள்ளி வெள்ளியாகத் திரும்பி வந்தன. மீன்பிடியில் புது வேலைகள் வந்தன. எஃபியின் மூத்தவனும் வலை இழுக்கப் போனான். ஊர் விழா எடுத்தது. எம்.பி. இசபெல் நாடாவை வெட்டி, "கடலைக் காப்பாற்றியது என் அரசியல் வாழ்வின் சாதனை" என்று பேசினார். சுருக்கமான, நல்ல பேச்சு.

முர்டோ கூட்டத்தில் நின்று, குளம்பால் தரையைத் தட்டிப் பாராட்டினார். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

"பெரியவரே, கொஞ்சம் குனிங்க" என்றது பின்னால் நின்ற ஓர் இளம் வாத்து. "உங்க கொம்பு மறைக்குது."

முர்டோ குனிந்தார்.

நீதி: தெரியாமல் நல்லது செய்தவருக்குச் சிலை வைப்பார்கள், தெரிந்தே செய்தவரை வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆகவே மக்கள் பிரதிநிதிகள் நாட்டு நலன் கருதிக் கண்ணை மூடிக்கொண்டு நடக்கவும்.