நான்கு பொம்மையன்கள்

நான்கு பொம்மையன்களில் மூன்று பொம்மையன்களை டைப்பிஸ்ட் ஆனந்தி அழித்துவிட்டாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. திண்டுக்கல் நீதிமன்றத்துக்கு எதிரே ஜாப் டைப்பிங் கடை வைத்து ஒன்பது வருடமாக வக்கீல் குமாஸ்தாக்களின் கிறுக்கலைத் திருத்திக்கொண்டிருப்பவள் அவள். ஜாமீன் மனுவில் ஒரே பெயர் நான்கு தடவை வந்தால், குமாஸ்தா ராயப்பராஜ் டீ குடித்துக்கொண்டே எழுதியிருக்கிறார் என்றுதான் நினைப்பாள். ஒரு பெயரை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை நீக்கினாள்.

ராயப்பராஜுக்கு அது தெரிந்தபோது வழக்கு கூப்பிட்டாகிவிட்டது.

வழக்கு இதுதான். மலையடிவாரத்தில் ஒரு மினி லாரியை வனத்துறையினர் மறித்தார்கள். உள்ளே வெட்டக்கூடாத தோதகத்தி மரக்கட்டைகள் இருந்தன. அவற்றின் மேல் குஜிலியம்பாறைப் பக்கத்துக் கூலியாட்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வண்டியை ஓட்டி வந்தவன் புதருக்குள் பாய்ந்து தப்பிவிட்டான். அவன் வழக்குப் பதிவில் 'பெயர் தெரியாத நபர்' ஆனான். பிடிபட்ட நான்கு பேரும் பொம்மையன், பொம்மையன், பொம்மையன், பொம்மையன். உன் அப்பன் பேரு என்ன என்று தனித்தனியாகக் கேட்டு எழுதிய அப்பா பெயர்கள் மட்டும் வேறு வேறு.

"நாலு பேரு உள்ள இருக்காங்க, ஒருத்தருக்குத்தான் ஜாமீன் கேக்குறீங்களா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

வக்கீல் நர்கீஸ் திரும்பி ராயப்பராஜைப் பார்த்தாள். தோல் வியாபாரி நூர் முகமதுவின் மகள். வக்கீலாகி மூன்று வருடம். ராயப்பராஜோ இருபத்திரண்டு வருடத்துக் குமாஸ்தா. மூன்று சீனியர்களைக் கரையேற்றிவிட்டு இவளிடம் வந்திருப்பதாக அவரே சொல்லிக்கொள்வார். சிறைக்குப் போய் நான்கு பேரிடமும் பேசிவிட்டு வருகிறேன் என்று நர்கீஸ் போன வாரம் கிளம்பியபோதும் அவர்தான் தடுத்தார். மேடம் எதற்கு வெயிலில் அலைய வேண்டும் என்று வக்காலத்துப் படிவத்தோடு தானே போய், ஐந்து நிமிடத்தில் நான்கு கைநாட்டு வாங்கி வந்தார். அவர்கள் ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். உள்ளே இருக்கிறவன் வாயைத் திறந்தால் வழக்கு கெட்டுவிடும் என்று அடக்கிவிட்டார்.

இப்போதும் அவர் கலங்கவில்லை. செத்த நேரம் அவகாசம் வாங்கி, மனுவைக் கையில் எடுத்தார். இருந்த ஒரே வரி 'பொம்மையன், த/பெ மாரப்பன்'. அதன் கீழே பேனாவால் மேற்படி, மேற்படி, மேற்படி என்று மூன்று வரி எழுதி நீட்டினார்.

மாஜிஸ்திரேட் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். மாரப்பன் என்கிற ஒரு தகப்பன் தன் நான்கு பிள்ளைகளுக்கும் ஒரே பெயரை வைத்தது ஏன் என்று கேட்டார். அரசு வழக்கறிஞர் எழுந்து, இவர்கள் அடையாளத்தை மறைக்கிறார்கள், வெளியே விட்டால் யாரைத் தேடுவது என்றே தெரியாது என்றார். அதுவரை எதிர்ப்பு தெரிவிக்கும் எண்ணமே அவருக்கு இருக்கவில்லை. விளைவு, நான்கு பேரின் குடும்பத்தாரும் ஆவணங்களோடு வந்து அடையாளத்தை நிரூபிக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

"அண்ணே, நான் ஒரு தடவ அவங்களப் பாத்துப் பேசிட்டு வந்துர்றேனே" என்றாள் நர்கீஸ்.

"இம்புட்டு சின்ன விசயத்துக்கு நீங்க எதுக்கு மேடம்" என்றார் ராயப்பராஜ்.

நான்கு மனைவிமாரும் மறுநாள் பஸ் ஏறி வந்தார்கள். முன்னால் நின்றவள் பழனியம்மாள். இரண்டு ஏக்கர் மானாவாரிக் கடலை பறிக்கிற பக்குவத்தில் நிற்கிறது, மழை விழுந்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும், அவர் எப்போது வருவார் என்பதுதான் அவளுடைய ஒரே கேள்வி. அவள் நீட்டிய ரேஷன் கார்டில் கணவர் பெயர் சங்கிலி என்று இருந்தது. மற்ற மூன்று கார்டுகளில் வீரணன், குப்பமுத்து, ஆண்டிச்சாமி.

ராயப்பராஜ் கார்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி இரண்டு தடவை கலைத்துப் பார்த்தார். பொம்மையன் வரவில்லை.

"ஒங்க வீட்டுக்காரருக்குப் பொம்மையன்னு இன்னொரு பேரு உண்டா?"

"பொம்மையனா? அது வந்து சார்..."

"கத வேணாம். உண்டா, இல்லையா?"

பழனியம்மாள் மற்ற மூன்று பேரையும் பார்த்தாள். "உண்டுன்னு சொன்னா விட்ருவாங்களா?"

"விட்ருவாங்க."

"அப்ப உண்டுங்க."

மற்ற மூன்று பேருக்கும் அதே நிமிடத்தில் அதே ஞாபகம் வந்தது.

'சங்கிலி என்கிற பொம்மையன்', 'வீரணன் என்கிற பொம்மையன்' என்று நான்கு பிரமாணப் பத்திரங்களை ஆனந்தி அடித்துக் கொடுத்தாள். இந்தத் தடவை எதையும் அழிக்கக் கூடாது என்று ராயப்பராஜ் அவள் பக்கத்திலேயே நின்றார். ஆனால் வாய்வார்த்தை போதாது, கிராம நிர்வாக அலுவலரின் சான்று வேண்டும் என்று நீதிமன்ற அலுவலகத்தில் திருப்பிவிட்டார்கள்.

நால்வருடைய ஊரின் வி.ஏ.ஓ. மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. நான்கு பேருக்கும் எப்படி ஒரே பட்டப்பெயர் என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு ராயப்பராஜ் பஸ்ஸிலேயே பதில் தயாரித்திருந்தார். பொம்மையன் என்பது இவர்கள் குலசாமி பெயர் என்றார். காதுகுத்தின்போது அந்தப் பெயரை வைப்பார்கள், வீட்டில் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், ஆனால் சாமி பெயரை மாற்றிச் சொன்னால் கண் போய்விடும் என்று பயம், அதனால்தான் அதிகாரியிடம் அதைச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். சொல்லி முடித்தபோது அவருக்கே அது உண்மை என்று தோன்றியது.

வி.ஏ.ஓ. நம்பினார். ஆனாலும் முன்ஜாக்கிரதைக்காரர். நாளைக்கு ஐந்தாவதாக ஒரு பொம்மையன் வந்து நின்றால் தன் வேலைக்கு ஆபத்து என்று சான்றின் அடியில் ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டார்: 'மேற்கண்ட நால்வரைத் தவிர இவ்வூரில் பொம்மையன் என்ற பெயரில் வேறு எவரும் இல்லை.' முத்திரையும் குத்தினார். ராயப்பராஜுக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துப்போனது. ஊர் திரும்பும்வரை அதை மூன்று தடவை படித்தார்.

நர்கீஸ் குலசாமியைப் பற்றி நீதிமன்றத்தில் பத்து நிமிடம் பேசினாள். பேசும்போது ஒரு தடவைகூட ராயப்பராஜ் பக்கம் திரும்பவில்லை. அரசு வழக்கறிஞர் வி.ஏ.ஓ. சான்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். மாஜிஸ்திரேட் ஜாமீன் கொடுத்தார். ஆனால் இம்புட்டுக் குழப்பத்துக்குப் பிறகு கைநாட்டை அவர் ஏற்பதாக இல்லை. நால்வரும் தினமும் காலை பத்து மணிக்கு வனத்துறை அலுவலகத்தில், வழக்கில் உள்ள அதே பெயரில், தெளிவாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். ஒரு நாள் தவறினாலும் ஜாமீன் ரத்து.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வனத்துறை அலுவலகத்துக்கு எதிர் டீக்கடையில் ராயப்பராஜ் பள்ளிக்கூடம் நடத்தினார். நான்கு பேர் கையிலும் கிழித்த காலண்டர்த் தாள்கள். கோடரி பிடித்துக் காய்த்த விரல்களில் பேனா நிற்க மறுத்தது. வீரணனின் 'பொ' கொம்பு முளைத்த பூசணி மாதிரி இருந்தது. குப்பமுத்து 'ம்'முக்குப் புள்ளி வைக்கும்போதெல்லாம் தாள் கிழிந்தது. ஆண்டிச்சாமிக்கு 'யன்' வரை போகவே முடியவில்லை, 'பொம்மை'யோடு நின்றுகொண்டார். சங்கிலிதான் கெட்டிக்காரர். எட்டாவது தடவையில் முழுப் பெயரையும் எழுதிவிட்டார்.

பழனியம்மாள் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேகம் இல்லை. கையெழுத்து முடிந்ததும் பஸ் பிடித்தால் மத்தியானம் கடலைக் காட்டில் இறங்கிவிடலாம் என்று மற்றவர்களிடம் சொன்னாள். ராயப்பராஜுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. நான்கு ஏழைகளை வெளியே கொண்டுவந்தாயிற்று. மேடம் தன்னோடு இரண்டு நாளாகப் பேசவில்லை, இன்றைக்குப் பேசிவிடுவாள். நர்கீஸும் அந்த நேரத்தில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். நான்கு பேரையும் அவள் பக்கத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சாப்பிட்டீர்களா என்று விசாரித்தாள். உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா என்றும் கேட்டாள்.

அதுவரை யாரும் அவர்களிடம் கேட்காத கேள்வி அது. நான்கு பேரும் ராயப்பராஜைப் பார்த்தார்கள்.

"சொல்லுங்க அப்பு, இனிமே என்ன பயம்" என்று அவர் பெரிய மனதோடு அனுமதி கொடுத்தார்.

சங்கிலி பேனாவை மூடி வைத்துவிட்டுத் தாளை நர்கீஸ் பக்கம் நகர்த்தினார்.

"அன்னைக்கி அந்த ஆபீசரு பேரச் சொல்லுன்னாரும்மா, எங்களக் கூலிக்குக் கூட்டிட்டுப் போயி அம்போன்னு விட்டுட்டு ஓடுனானே, எங்கூரு மேலத்தெரு மரயாவாரி, அவன் பேரக் கேக்குறாருன்னு நெனச்சு நாங்க நாலு பேரும் பொம்மையன்னு சொன்னோம், அவன் பேர நாங்க எதுக்கும்மா எழுதிப் பழகணும்?"