நூற்று முப்பது புரூஃபும் ஓர் இடைவெளியும்

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று எழுத வேண்டிய இடம் இது. பிறர் பிழையைத் திருத்தியே சோறு தின்றவன், தெரிந்தே ஒரு பிழையை எழுத மாட்டேன். நலமில்லை. உன் அக்கா என்னோடு பேசி ஒரு வாரமாகிறது. காரணம் நீயும், உன் கடையும், கடை வாசலில் ஆளுயரத்துக்கு ஒட்டியிருக்கும் அந்த போஸ்டரும்தான். அதை இன்றே கிழித்துவிட்டு, நேரில் வந்து உன் அக்காவிடம் நடந்ததைச் சொல். விஷயம் இவ்வளவுதான். ஆனால் இவ்வளவோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

நீதானே போன் செய்தாய்? “அத்தான், ஹை புரூஃப் ஒண்ணு வந்திருக்கு. மூணு பேர் பாத்து மார்க் போடணும், ஒருத்தர் வரல. நீங்கதான் நாப்பது வருஷம் புரூஃப் பாத்தவராச்சே, வந்து பாத்துக் குடுங்க” என்றாய். அச்சகத்தில் புரூஃப் திருத்திக் கண் கெட்டவனிடம் இப்படிச் சொன்னால் அவன் என்ன நினைப்பான்? வெளிநாட்டு மதுக்கடை என்றாலும் விலைப்பட்டியல், விளம்பரம் என்று அச்சு வேலை இருக்கும், ‘ஹை’ என்றால் அவசரம் போலிருக்கிறது என்று நினைத்து, சிவப்புப் பேனா, பூதக்கண்ணாடி, மாற்று ரீஃபில் சகிதம் ஓடி வந்தேன். வந்து பார்த்தால் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் வெள்ளை விரிப்புப் போட்ட மேஜை, இடுப்பு சிறுத்த கண்ணாடித் தம்ளர்கள், பக்கத்தில் ஒரு வாளி. “புரூஃப்ல நாப்பது வருஷ அனுபவம்” என்று நீ என்னை அறிமுகப்படுத்தியதும் ஓட்டல் பார் மேனேஜர் எழுந்து நின்று கை கொடுத்தார். மதுவைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவர் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். என் உத்தியோக காலத்தில் எந்த ஆசிரியரும் எனக்காக எழுந்து நின்றதில்லை. அந்த மரியாதையில் மயங்கித்தான் வாய் திறக்காமல் உட்கார்ந்துவிட்டேன். நீ சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

பார் மேனேஜர் நல்ல மனிதர். “போர்பன் விஸ்கி சார், சோளத்துல செய்யறது. நூத்தி முப்பது புரூஃப்னா நூத்துக்கு அறுபத்தஞ்சு பங்கு சாராயம்” என்று விளக்கினார். நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு பிழையுள்ள புரூஃபையே பார்த்தவன் நான், இதற்கா அஞ்சுவேன் என்று தம்ளருக்குள் மூக்கை விட்டேன். மூக்கு முடி பொசுங்கிவிட்டது. “வாயைக் கொஞ்சம் திறந்து வச்சு மோந்து பாருங்க சார், காட்டம் ஏறாது” என்றார். அவருக்கு அந்த வாசனையில் வெனிலாவும் கருகிய சர்க்கரையும் வந்தன. பத்திரிகைக்காரருக்குப் பழைய தோல் பையும், உள்பக்கம் நெருப்பு வைத்துக் கருக்கிய பீப்பாயும் வந்தன. எனக்கு அச்செழுத்துக் கழுவும் மண்ணெண்ணெய் வந்தது. அவர்கள் இருவரும் ஒரு வாய் உறிஞ்சி வாளியில் துப்பினார்கள். ஐயோ பாவம், ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, சபை நாகரிகம் கருதி நான் மட்டும் விழுங்கினேன். ருசி பார்த்ததைத் துப்பத்தான் அந்த வாளி என்று நீ ஒரு வார்த்தை சொன்னாயா? தொண்டையில் இறங்கியது நெஞ்சில் நின்று கணக்குக் கேட்டது. பிறகு இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குடிக்கச் சொன்னார்கள். விழுங்கினேன். உறுதி செய்துகொள்ள இன்னொரு முறை என்றார்கள். அதையும் விழுங்கினேன். அப்போதுதான் எனக்கும் வாசனை திறந்தது. புதிதாக பைண்டு செய்த புத்தகத்தை முதல்முறை பிரிக்கும்போது வருமே, அந்த வாசனை.

நீ கொடுத்த மதிப்பெண் தாளில் ‘மணம்’ என்ற இடத்தில் ‘மனம்’ என்று அடித்திருந்தது. முதல் தம்ளரில் அதைச் சிவப்பில் திருத்தினேன். மூன்றாம் தம்ளரில் திருத்தியதை அடித்துவிட்டு, ‘மனம் நன்றாக இருக்கிறது, ரொம்ப நாளைக்குப் பிறகு’ என்று எழுதிப் பத்துக்குப் பத்து போட்டேன். அடுத்த கட்டம் ‘ஒப்பீடு’. இதற்குமுன் நான் எதைக் குடித்தேன், எதோடு ஒப்பிட? எனக்குத் தெரிந்த ஒரே உயர்ந்த சரக்கு உன் அக்காதான். ஆகவே ‘மனைவியைவிடச் சிறந்தது எதுவுமில்லை’ என்று எழுதினேன். சேர்த்து எழுதினேன். தலையே சுற்றினாலும் நான் ‘விட’வைப் பிரிக்க மாட்டேன்.

அந்த வரியையும் அன்று எடுத்த என் போட்டோவையும் நீ போஸ்டருக்குக் கொடுத்தாய். உன் போஸ்டர்காரன் பிரித்துவிட்டான். ஒரு கையில் தம்ளர், ஒரு கையில் சிவப்புப் பேனா, முகம் கொள்ளாத சிரிப்போடு நான்; தலைக்குமேல் ‘புரூஃப் நிபுணர் கூறுகிறார்’; அதன்கீழ் கொட்டை எழுத்தில் ‘மனைவியை விட’, அடுத்த வரியில் ‘சிறந்தது எதுவுமில்லை’; அதையொட்டி பாட்டில் படம். அந்த ‘ச்’சையும் தின்றுவிட்டான். சேர்த்தால் ஒப்பீடு, பிரித்தால் விவாகரத்து. மனைவியை விட்டுத் தொலைக்க இந்த பாட்டிலை மிஞ்சிய மருந்தில்லை என்று ஊருக்கே உபதேசம் செய்கிறேன் நான். தெருமுனைத் தையல்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்க மனசுல இருந்ததச் சொல்லிட்டீங்க சார்” என்று கண் கலங்குகிறார். மாடி வீட்டு வக்கீல் படியில் மறித்து, “பேப்பர் ரெடி பண்ணணும்னா கூச்சப்படாம சொல்லுங்க, அக்கம்பக்கத்துக்கு ஃபீஸ் குறைச்சுக்குவேன்” என்கிறார். உன் அக்கா மருந்துக்கடைக்குப் போகும் வழியில் அதைப் பார்த்துவிட்டு வந்தவள், வீட்டுக்குள் நுழைந்ததும் வாயை மூடினாள், இன்னும் திறக்கவில்லை. தட்டு வைக்கிற சத்தத்தில்தான் அவள் இருக்கிறாள் என்று தெரிகிறது. இலக்கணம் சொல்லப் போனேன், குழாயைத் திறந்துவிட்டாள். அவள் பேசாத வீட்டில் எனக்கு இருக்கத் தெரியவில்லையப்பா. சொல்லிவிட்டேன்.

ஆகவே வா. போஸ்டரைக் கிழித்த கையோடு வா. உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள், அவர்கள் தாய்க்கு என் அன்பு. உனக்கு இந்த முறை ஒன்றும் கிடையாது.

இப்படிக்கு,
கோபம் தணியாத உன் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டாமல் வேண்டுமென்றே மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் உன் அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தில் இருக்கிறாள். “போஸ்டரப் பாத்த அன்னைக்கே நான் சேத்துத்தான் படிச்சேன். இத்தனை வருஷம் உங்ககூட இருந்துட்டு அதுகூடத் தெரியாதா?” என்றாள். பின்னே ஏன் பேசவில்லை என்று கேட்டேன். “என்கிட்ட ஒரு நாளும் சொல்லாதத ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கீங்க. அத என் மூஞ்சியப் பாத்துச் சொல்ல உங்களுக்கு எத்தனை புரூஃப் வேணும்?” என்றாள். ஒரு சொட்டும் இல்லாமலே சொன்னேன். இரண்டு இடத்தில் திக்கினேன், அவள் திருத்தவில்லை. நீ வர வேண்டாம். போஸ்டர் இருக்கட்டும். அந்த இடைவெளியை மட்டும் எடு.