நாற்பத்தேழாம் எண் வெள்ளை

அலுவலக வாகனத்தின் நிறத்தை முன் அனுமதியின்றி மாற்றக் கூடாது என்பது விதி. நல்ல விதிதான். ஆளாளுக்குப் பிடித்த நிறத்தை அடித்துக்கொண்டு திரிந்தால் அலுவலகத்துக்கு என்ன மரியாதை? ஆனால் இந்த விதியின் நகல் வெயிலுக்கு மட்டும் அனுப்பப்படவில்லை. அனுப்புகைப் பிரிவின் கவனக்குறைவு என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த அலுவலகத்தின் வெள்ளைக் காரை ஒன்பது வருஷமாக ஓட்டுகிறவரை எல்லோரும் 'பிரேக்' என்றே கூப்பிடுவார்கள். பூனை குறுக்கே போகலாமா என்று யோசித்தாலே பிரேக்கை மிதிக்கிற மனிதர். இருபத்தாறு வருஷ சர்வீஸில் அவருடைய பணிப் பதிவேட்டில் ஒரு கரும்புள்ளி கிடையாது. ஓய்வு பெற இன்னும் எட்டே மாதம். அந்தப் பதிவேடு அப்படியே சுத்தமாக மூடப்பட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

அலுவலகத்தின் இரும்புக் கேட் கீல் கழன்று மூன்று வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் காற்றில் ஆடி வந்து, சும்மா நின்றுகொண்டிருந்த காரின் முன்கதவில் ஒரே இடி. கேட்டிடம் விளக்கம் கேட்க விதியில் இடமில்லாததால், கதவை மாற்றுவது என்று முடிவானது. உத்தரவைத் தயாரித்தவர் கண்காணிப்பாளர். எந்த ஃபைலையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர். ஃபைலுக்கு வெளியே இருப்பது எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியாது.

புதுக் கதவு கம்பெனியிலிருந்து கறுப்பாக வந்து இறங்கியது. பிரேக் காரை பெயின்டர் பட்டறைக்குக் கொண்டுபோனார். பெயின்டர் முதலில் பெட்ரோல் மூடியைக் கழற்றி, துடைத்து, வெயிலில் பிடித்து, இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். பிறகு அட்டைத் துண்டுகளில் வெள்ளை அடித்துக் காயவைத்து மூடியோடு ஒவ்வொன்றாக ஒட்டிவைத்துப் பார்த்தார். பதினோரு வெள்ளை. பத்தாவதோடு மூடி கலந்து மறைந்துபோனது.

"கார்ல ஒட்டியிருக்கிற நிற எண் நாற்பத்தேழு. அது இந்தக் கார் பொறந்தப்போ இருந்த வெள்ளை. இப்ப இருக்கிறது ஒன்பது வருஷம் வெயில் தின்ன வெள்ளை. நாற்பத்தேழுல மஞ்சள் ரெண்டு சொட்டு, கறுப்பு ஒரு சொட்டு விடணும். பின்கதவுலயும் முன்னாடி இருக்கிற மட்கார்டுலயும் அதே பெயின்ட்டைக் கொஞ்சம் இழுத்துவிட்டேன்னா, இடி வாங்கின கதவு எதுன்னு கார்காரனுக்கே தெரியாது" என்றார்.

இதை பிரேக் அப்படியே போய் கண்காணிப்பாளரிடம் சொன்னார். கண்காணிப்பாளருக்கு அந்த இரண்டு மஞ்சள் சொட்டு தொண்டையில் சிக்கிக்கொண்டது. அதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது, சொட்டின் அளவுக்கு யார் சான்று தருவது என்று வரிசையாகக் கேட்டார்.

"பதிவேட்டுல நாற்பத்தேழுன்னு இருக்கு. நாற்பத்தேழே கால்னு இல்லை. அப்புறம் இன்னொண்ணு, அனுமதி ஒரு கதவுக்குத்தான். பின்கதவைத் தொட்டா நான் பொறுப்பில்லை."

அப்படியே நாற்பத்தேழு அடிக்கப்பட்டது. பெயின்டர் தலையில் அடித்துக்கொண்டே அடித்தார். கார் வெளியே வந்தபோது, பழுப்பேறிய பல்வரிசையில் ஒரு கட்டுப்பல் போலக் கதவு பளீரென்று நின்றது.

மறுநாள் காலையில் இயக்குநர் வாசலில் அதைப் பார்த்துவிட்டார். இயக்குநருக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருடைய தலைமுடிக்கு மட்டும் இருபத்தெட்டு. பதினைந்து நாளைக்கு ஒருமுறை அதன் வயது புதுப்பிக்கப்படும். எந்த அலுவலகத்துக் கதவை என் காரில் மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டார். கேட்டதோடு விடாமல், கண்காணிப்பாளரையும் சேர்த்து மூவர் குழு ஒன்றையும் அமைத்தார்.

குழு மாலை ஐந்து மணிக்கு, ஷெட்டுக்குள், ட்யூப்லைட் வெளிச்சத்தில் கூடியது. வெயிலில் பார்க்கணும் சார் என்று பிரேக் சொன்னதற்கு, வெயிலில் நிற்கக் குழுவுக்குப் படி கிடையாது என்று பதில் வந்தது. கம்பெனியின் நிற அட்டையைக் கதவில் வைத்துப் பார்த்தார்கள், அச்சாகப் பொருந்தியது. மற்ற இடங்களில் வைத்துப் பார்த்தார்கள், எங்குமே பொருந்தவில்லை. அறிக்கை அன்றே தயாரானது. கதவு சரியாக இருக்கிறது. கார்தான் தவறாக இருக்கிறது. ஒன்பது ஆண்டுகளாகச் சிறுகச் சிறுக, யாருக்கும் தெரியாமல், வாகனத்தின் நிறத்தை மாற்ற ஓட்டுநர் உடந்தையாக இருந்திருக்கிறார். ஏன் பணியிடை நீக்கம் செய்யக் கூடாது என்று ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும்.

பிரேக் வீட்டில் ஒரு பக்கத் தாளில் 'வெயில்' என்று ஒரே வார்த்தை எழுதிவிட்டு மேலே ஓடாமல் உட்கார்ந்திருந்தார். மனைவி எட்டிப் பார்த்தாள். இதில் பொய் எதுவும் இல்லையே, அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள் என்றாள். கொடுத்தார். வெயில் தரப்பில் எழுத்துமூலமான ஒப்புதல் இணைக்கப்படவில்லை என்று திரும்பி வந்தது.

வேறு வழியில்லாமல், விசாரணை நாளன்று பெயின்டரைச் சாட்சியாக அழைத்துப் போனார். பெயின்டர் பதினோரு அட்டைகளையும் மேஜைமேல் பரப்பி, பொறுமையாக விளக்கினார். குழுவினர் பதினோரு அட்டையும் வெள்ளை என்று ஒருமனதாகக் குறித்துக்கொண்டார்கள். பெயின்டருக்குப் பொறுமை போய்விட்டது.

"சார், எதுவும் வெயில் பட்டா மாறும். நீங்க கழுத்துல மாட்டியிருக்கிற அட்டையில ஒரு போட்டோ இருக்கே, அந்த ஆளும் நீங்களும் இப்ப மேட்ச்சா இருக்கீங்களா?"

கண்காணிப்பாளர் தன் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அதில் சுருள் முடியோடு ஒரு வாலிபர் சிரித்துக்கொண்டிருந்தார். மற்ற இருவரும் மெதுவாகத் தங்கள் அட்டையைக் கையால் மூடிக்கொண்டார்கள். பெயின்டரின் பார்வை இப்போது, நடுநாற்காலியில் உட்கார்ந்திருந்த இயக்குநரின் வகிட்டில் போய் நின்றது. அங்கே அடிவேரில் கால் அங்குலம் வெள்ளை தெரிந்தது.

"ஐயாவுக்குக்கூட எண் பார்த்துதான் அடிச்சிருக்காங்க. ஆளைப் பார்த்து அடிக்கலை" என்றார், தொழில்முறை வருத்தத்தோடு.

இயக்குநர் வகிட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிரேக்குக்கு உயிர் வந்தது. அப்பாடா, ஒருவழியாகப் புரிந்துகொண்டார்கள் என்று நினைத்தார். உண்மையிலேயே புரிந்துதான் கொண்டிருந்தார்கள். மாலையில் உத்தரவு வந்தது.

காரின் நிறமாற்றத்துக்கு வெயிலே பொறுப்பு என முடிவு செய்து அந்த ஃபைல் மூடப்படுகிறது. எனினும், இவ்விசாரணையின்போது அலுவலகப் பணியாளர் அனைவரும் முன் அனுமதியின்றி நிறம் மாறியிருப்பது தெரியவந்துள்ளது. எல்லோரும் திங்கட்கிழமைக்குள் அடையாள அட்டையில் உள்ளபடி தம்மைச் சீர்செய்துகொள்ள வேண்டும். தவறினால் பணிப் பதிவேட்டில் குறிக்கப்படும். ஓட்டுநரும் இதற்கு விலக்கல்ல.

திங்கட்கிழமை அலுவலகமே மை கொட்டினாற்போல் இருந்தது. கண்காணிப்பாளர் சுருள் டோப்பாவோடு வந்தார். கவுன்டரில் நின்ற பொதுமக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மத்தியானம், மனு கொடுக்க வருபவர்களுக்கும் இதே விதி பொருந்தும் என்று ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். சிரித்தவர்களில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. எதிரிலிருந்த சலூனுக்கு ஓடி, அரை மணியில் கறுத்த தலையோடு திரும்பி வந்து, முதலில் யார் நின்றது என்று சண்டை போட்டுக்கொண்டார்கள்.

பிரேக் சாயந்திரம் வீட்டுக்கு வந்தார். பதிவேட்டில் ஒரு புள்ளி இல்லை. மனைவி கதவைத் திறந்துவிட்டு, யாரோ என்று ஒரு கணம் தயங்கினாள். கன்னத்துச் சுருக்கம், நரைத்த புருவம், வெயிலில் கருகிய கழுத்து, அதற்கு மேல் பளபளவென்று ஒரு கறுப்பு.

"என்னங்க இது? தலை மட்டும் புதுசா இருக்கு. மத்ததெல்லாம் அப்படியே இருக்கே?"

பிரேக் செருப்பைக் கழற்றினார்.

"அனுமதி ஒரு கதவுக்குத்தான்" என்றார்.