புத்தகத்தைத் திருப்பித் தரவும்

"நான் இல்லாம சமாளிச்சிடுவீங்களா?" என்று மனைவி கேட்டபோது அவளுடைய ஒரு கால் செருப்பில் இருந்தது. இன்னொரு கால் வீட்டுக்குள்ளேயே இருந்தது. வாசலில் வண்டி காத்துக்கொண்டிருந்தது. மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டவும், மகளைக் கொஞ்ச நேரம் தூங்க விடவும் அம்மா போயாக வேண்டும். மகள் வீடோ ரயிலில் ஒரு பகல் தூரம்.

இந்த மாதிரி நேரத்தில் புத்திசாலிக் கணவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "எப்படிச் சமாளிக்கப் போறேனோ" என்பார்கள். நம்மவர் பள்ளிக்கூட நூலகர். ஆயிரக்கணக்கான புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவர். அவற்றில் ஒன்றில்கூட இந்தச் சின்ன விஷயத்தை யாரும் எழுதி வைக்கவில்லை போலிருக்கிறது. அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, பரிசுக் கோப்பையைத் தூக்குவது போல் தூக்கிக் காட்டினார்.

"எதுக்குக் கவலை? எல்லாத்துக்கும் ஆப் இருக்கு!"

மனைவி போனைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"அப்படியா? ரொம்ப நல்லது" என்று சொல்லிவிட்டு இன்னொரு காலையும் செருப்பில் நுழைத்துக்கொண்டாள்.

இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு அந்த 'ரொம்ப நல்லது' எந்த ரகத்தைச் சேர்ந்தது என்று புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. பெரிதாகக் கையை ஆட்டி வழியனுப்பிவிட்டு உள்ளே வந்தார்.

அவருக்கு இந்த ஆப் பித்து பிடித்ததே பள்ளிக்கூடத்தில்தான். கணினி டீச்சர் நூலகத்துக்கென்று ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்தார். புத்தகத்தின் முதுகில் ஒட்டிய பார்கோடு சீட்டுக்கு நேரே போனைக் காட்டினால் 'பீப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். எந்தப் புத்தகம் யார் கையில் இருக்கிறது, எப்போது வர வேண்டும், எல்லாம் திரையில் வந்து நிற்கும். தவணை தப்பினால் ஆப்பே வாசகருக்கு நினைவூட்டல் அனுப்பும். அதுவரை கெஞ்சியும் மிரட்டியும் புத்தகம் வசூலித்துக்கொண்டிருந்த மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. தடுக்கி விழுந்தால் ஒரு ஆப் என்று ஆகிவிட்டது.

தண்ணீர் குடிக்கச் சொல்ல ஒன்று. மாத்திரைக்கு ஒன்று. நடையை அளக்க ஒன்று. காணாமல் போன மூக்குக் கண்ணாடியைத் தேடி வீட்டை வலம் வந்த அன்று, "அருமை! இன்றைய இலக்கை எட்டிவிட்டீர்கள்" என்று அது பாராட்டியது. கண்ணாடி கிடைக்கவில்லை. சமையல் ஆப்பில் ஒரு பெண் குரல், "வெங்காயம் பொன்னிறமாக வதங்கியதும் அடுப்பைக் குறைக்கவும்" என்று அன்பாகச் சொன்னது. இவர் "சரிம்மா" என்று பதிலும் சொன்னார். வெங்காயம் பொன்னிறத்தை எப்போது தாண்டியது என்று இருவருக்குமே தெரியவில்லை.

ஆரம்பத்தில் எல்லாம் ஜோராகத்தான் இருந்தது. சாயங்காலங்கள்தான் உதைத்தன.

பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறந்தால் வீடு 'ஙே' என்று கிடக்கும். முன்பெல்லாம் அவர் சாவியைப் போடும்போதே உள்ளேயிருந்து குரல் வந்துவிடும். "செருப்பை ஒழுங்கா விடுங்க!" அந்தக் குரலுக்காகவே எரிச்சல்பட்டவர் அவர். இப்போது செருப்பை திசைக்கொன்றாக உதறிவிட்டு வந்தார். ஒரு ருசியும் இல்லை. தட்டிக் கேட்க ஆளில்லாத சுதந்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஒருநாள் சத்தங்களுக்கென்றே ஒரு ஆப் இருப்பதைக் கண்டுபிடித்தார். மழைச் சத்தம், கடல் சத்தம், ரயில் சத்தம். யாருக்கு வேண்டும் இதெல்லாம்? அவர் தேடிப் பிடித்தது சமையலறைச் சத்தம். காய் நறுக்குவது, குழாய் திறப்பது, பாத்திரம் உரசுவது. போனைச் சமையலறை மேடையில் ஓடவிட்டுவிட்டுக் கூடத்தில் வந்து செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆகா! கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் உலகம் சரியாக இருந்தது.

"ஒரு டீ கிடைக்குமா?" என்று தன்னையறியாமல் குரல் கொடுத்தார்.

உள்ளே ஆப் பாட்டுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தது.

அவர் எழுந்துபோய் அதை அணைத்தார். அழுகை வந்துவிடும் போலிருந்தது. வேறு வழி தெரியாமல் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். தண்ணீர் ஆப் பாராட்டியது.

"வா" என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. மகளும் ஜாடையாகச் சொல்லிவிட்டாள். "எனக்கு இப்ப பழகிடுச்சுப்பா. அம்மாதான் கிளம்பற பேச்சையே எடுக்க மாட்டேங்கறாங்க." ஆனால் வாசலில் போனைத் தூக்கிக் காட்டிய கை இன்னும் அந்தரத்திலேயே நின்றதே! அதை எப்படி இறக்குவது? தினமும் அவர்கள் பேசிக்கொள்வது இவ்வளவுதான்:

"சாப்டீங்களா?"

"ஆச்சு."

"மாத்திரை?"

"ஆப் சொல்லுச்சு. போட்டாச்சு."

"வேற?"

நீ எப்ப வர்றே என்பது தொண்டை வரை வரும். அங்கே உட்கார்ந்துகொண்டு மேலே வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

"வேற ஒண்ணும் இல்ல."

"சரி, வச்சிடறேன்."

இப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் நூலக ஆப்பில் தவணை தப்பிய புத்தகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். 'மழலையர் பின்னல் உடைகள்.' எடுத்தவர்: நூலகரின் மனைவி. பேரக்குழந்தைக்குக் கம்பளிச் சட்டை பின்னுவதற்காக அவள் கேட்டாள் என்று இவரேதான் பதிந்து கொடுத்திருந்தார். அவருக்குக் கண்ணில் ஒளி வந்துவிட்டது. யாராவது ஒரு கிண்ணம் கொடுத்தால்கூட அன்றைக்கே கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுவேலை பார்க்கிறவள் அவள். புத்தகத் தவணை தப்பியது தெரிந்தால் ஒரு நிமிஷம் இருப்பாளா? புத்தகத்தோடு ரயிலேறி விடமாட்டாளா? தானும் கேட்டதாக இருக்காது, அவளும் வந்ததாக இருக்கும். கௌரவத்துக்கு ஒரு கீறல் விழாது!

பொத்தானை அமுக்கினார். 'அன்புள்ள வாசகரே, தவணை முடிந்துவிட்டது. புத்தகத்தைத் திருப்பித் தரவும்.'

பதில் உடனே வந்தது. 'வாசகர் தவணையை நீட்டித்துள்ளார்.'

நீட்டிக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவளுக்குப் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தவரும் இவரேதான். தனக்குத் தானே ஆப்பு வைத்துக்கொள்வது என்றால் இதுதான். தவணை முடியக் காத்திருந்து மறுபடி அனுப்பினார். மறுபடி நீட்டித்தாள்.

நூலகர் நேரே கணினி டீச்சரிடம் போனார்.

"டீச்சர், ஒரு வாசகர் விடாம நீட்டிச்சுக்கிட்டே போனா என்ன பண்றது?"

"வேற யாராவது அதே புத்தகத்துக்கு முன்பதிவு பண்ணியிருந்தா நீட்டிக்க முடியாது சார். ஆப்பே தடுத்துடும்."

"யாரும் பண்ணலன்னா?"

"யாருக்கும் வேணாம்னு அர்த்தம். அவங்களே வச்சுக்கட்டுமே சார்."

"அவங்களே வச்சுக்கறதா? இங்க ஒரு மனுஷன் வேணும் வேணும்னு தவிச்சுக்கிட்டு இருக்கான்மா!"

டீச்சர் திடுக்கிட்டு, "யாரு சார்?" என்றார்.

"இல்ல, பொதுவா சொன்னேன்" என்று நழுவினார் நூலகர்.

தன் பெயரில் முன்பதிவு செய்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆசிரியர்கள் கணக்கைத் துழாவினார். விளையாட்டு ஆசிரியர் கண்ணில் பட்டார். மலை மாதிரி ஆள், கழுத்தில் எப்போதும் விசில். "பாஸ்வேர்டெல்லாம் நீங்களே போட்டு வச்சுக்குங்க சார், நான் எங்க படிக்கப் போறேன்" என்று கணக்கை இவர் கையிலேயே ஒப்படைத்திருந்தார். இரண்டு தட்டல். வேலை முடிந்தது. காத்திருப்பவர் யார் என்பதையும் அந்த ஆப் மறைக்காமல் மறுமுனைக்குச் சொல்லிவிடும் என்பது நூலகருக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தை அவர் திறந்தே பார்த்ததில்லை.

சாயங்காலம் போன் வந்தது.

"ஏங்க, அந்தப் பின்னல் புத்தகத்துக்கு யாரோ காத்திருக்காங்களாமே?"

"ஆமாம்மா. ரொம்ப அவசரமாம். தினம் வந்து நிக்கறாங்க."

"தூசி படிஞ்சு கெடந்த புத்தகமாச்சே! நான்தானே மொத மொத எடுத்தேன்?"

"ஆசை எப்ப வரும்னு யாரு கண்டா?"

"அதுவும் சரிதான். ஒருத்தர் ஆசையா காத்துக்கிட்டு இருக்கும்போது நான் புடிச்சு வச்சிருந்தா நல்லாவா இருக்கும்?"

"நல்லா இருக்காதும்மா. நல்லாவே இருக்காது!"

"இந்த வாரமே ஏற்பாடு பண்ணிடறேன். வேற?"

"வேற ஒண்ணும் இல்ல" என்றார். இந்தத் தடவை குரல் துள்ளியது.

அன்றிலிருந்து வீடு அமளிதுமளிப்பட்டது. தரையைத் துடைத்தார். ஜன்னல் திரைகளைத் துவைத்தார். கருகிய வாணலியைத் தேய்த்துத் தேய்த்துப் பாதி வாணலி ஆக்கினார். கண்ணாடி முன் நின்று, "அட, நீயா? என்ன திடீர்னு?" என்று ஆச்சரியப்படப் பழகினார். முதல் தடவை சந்தோஷம் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. குறைத்துப் பார்த்தார். குறைய மாட்டேன் என்றது. தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு ஓடினார். எல்லா வண்டியும் வேறு யார் வீட்டுக்கோ போயின.

அடுத்த வார ஆரம்பத்தில் நூலகத்துக்கு வந்தது விளையாட்டு ஆசிரியர். கையில் பிரித்த பார்சல்.

"சார், உங்க வீட்டம்மா எனக்கு இதை அனுப்பியிருக்காங்க."

மேஜை மேல் வைத்தார். பின்னல் புத்தகம். இரண்டு பின்னல் ஊசிகள். ஒரு பந்து நீலக் கம்பளி நூல்.

நூலகர் திருதிருவென்று விழித்தார்.

"போன் வேற பண்ணாங்க சார். மொதல்ல காலுறையில ஆரம்பிக்கணுமாம். சுலபமா வருமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"போனை எடுத்ததே என் வீட்டுக்காரி சார்! 'யாருக்குக் குழந்தை உடுப்பு?'ன்னு என்னைக் கேக்கறா. என் பசங்க ரெண்டு பேரும் காலேஜ்ல படிக்கறாங்க. நான் என்னத்தைச் சொல்றது?"

"ஆப்புல ஏதோ கோளாறு..."

"உங்க ஆப்புல கோளாறு. என் வீட்டுல காலையிலேருந்து டீ இல்ல!"

'அமைதி காக்கவும்' என்ற பலகைக்கு அடியில் நின்றுதான் இவ்வளவும் கத்தினார். மாணவர்கள் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள். வீட்டுக்கே வந்து அவர் மனைவியிடம் விளக்குவதாக நூலகர் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தபிறகே மலை நகர்ந்தது.

நூலகர் புத்தகத்துக்கு நேரே போனைக் காட்டினார். 'பீப்.' புத்தகம் திரும்பி வந்துவிட்டது என்று ஆப் மகிழ்ச்சி தெரிவித்தது. அவருக்கு வந்த துக்கத்துக்கு அளவே இல்லை. நூலுக்கும் ஊசிக்கும் கூட வழி தெரிந்திருக்கிறது. அவள் வரவில்லை. வர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லையா? எழுந்து கடைசி அலமாரிக்குப் பின்னால் போய் நின்று போன் செய்தார்.

"புத்தகம் வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சு."

"காத்திருந்தவருக்கு சந்தோஷம்தானே?"

இவர் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை இழுத்து மறுபடி உள்ளே தள்ளினார்.

"வேற?"

தொண்டையில் உட்கார்ந்திருந்தது அசைந்தது.

"வேற ஒண்ணு இருக்கு" என்றார். "நீ வந்துடும்மா. எனக்கு முடியல. கட்டில்ல உன் பக்கம் விரிப்பு கசங்கவே இல்ல, அதைப் பாக்கவே பிடிக்கல. டீ போடத் தெரிஞ்சுக்கிட்டேன், குடிக்கத்தான் தோணல. எல்லாத்துக்கும் ஆப் இருக்குன்னு அன்னைக்கு சொன்னது சுத்தப் பொய். புத்தகம் எனக்கு எதுக்கு? எனக்கு நீதான் வேணும்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நாளைக்கு சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்துடுங்க" என்றாள். "டிக்கெட் போன வாரமே எடுத்தாச்சு."

"போன வாரமேவா?"

"விளையாட்டு வாத்தியார் பின்னல் புத்தகத்துக்குக் காத்திருக்கார்னு உங்க ஆப் சொன்ன அன்னைக்கே. உண்மையில காத்திருக்கறது யாருன்னு எனக்குத் தெரியாதா?"

நூலகருக்கு சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. ஆனாலும் நூலகர் அல்லவா, ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"வரப்போறவ, புத்தகத்தை நீயே கையோட கொண்டு வந்திருக்கலாமே? எதுக்கு அந்த மனுஷனுக்குப் பார்சல்?"

"கொண்டு வந்திருப்பேன். அப்புறம் ஆயுசு பூரா, 'நான் எங்க கூப்பிட்டேன், புத்தகத்தைத் திருப்பிக் குடுக்க அவளாத்தான் வந்தா'ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவீங்க. இப்ப சொல்லுங்க பாக்கலாம், யாரு கூப்பிட்டு நான் வரேன்?"