சார்ஜென்ட் குடித்த எண்ணெய்

பதினைந்து நாள் ஒரு பேய்க்கு எண்ணெய் ஊற்றி வளர்த்தவன் நான். இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. இருந்த வெட்கமெல்லாம் பதினைந்தாம் நாளே தீர்ந்துபோயிற்று.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம். செகந்திராபாத்தில் ரயில் இஞ்சின்களுக்கு எண்ணெய் போடுகிற வேலை எனக்கு. அல்வால் ராணுவ முகாமில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினேன். அதை ஓட்டிய வெள்ளைக்கார சார்ஜென்ட் காய்ச்சலில் போய்விட்டாராம். விற்றவன் இதைச் சொல்லும்போது வண்டியைத் தொடாமல் இரண்டடி தள்ளியே நின்றான். (அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.)

எல்லாம் பிலோமினாவுக்காக. அவளுடைய அப்பா, பேகம்பேட் விமானக் கொட்டகையில் வேலை பார்த்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். பார்த்த பிறகுதான் பெண் கொடுப்பது பற்றி முடிவு. திரும்பும்போது அவரைப் பின்னால் உட்காரவைத்து ஜம்மென்று கொண்டுபோய் விடுவது என் திட்டம். ரேஷன் கூப்பனுக்குக் கிடைத்த பெட்ரோல் அந்த ஒரு பயணத்துக்குத்தான் காணும். ஆகவே அதுவரை வண்டி பின்கட்டுக் கொட்டகையில் சும்மா நின்றது.

சீட்டுக்குக் கீழே தனியாக ஓர் எண்ணெய் டப்பா. முதல் நாள் கழுத்துவரை ஊற்றினேன். மறுநாள் காலை குச்சி விட்டுப் பார்த்தால் நாலு விரல் குறைந்திருந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை. ரயில் இஞ்சினில் எண்ணெய் தினமும் தீரும், தினமும் ஊற்றுவோம். அந்தப் பழக்கத்தில் ஊற்றினேன். மறுநாளும் குறைந்தது.

ஓடாத வண்டி எப்படிக் குடிக்கும்? மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஒட்டினேன். விடிந்து பார்த்தபோது மெழுகில் கீறல்கூட இல்லை. உள்ளே எண்ணெய் மட்டும் இறங்கியிருந்தது. டப்பாவில் காதை வைத்தேன். யாரோ தொண்டையை நனைத்துக்கொள்வதுபோல ஒரு 'களக்'. கொட்டகை முழுக்கத் தூசி படிந்திருக்க, சீட்டின் நடுவில் மட்டும் தூசியே இல்லை. அக்காவைக் கூப்பிட்டேன்.

அக்கா வாசற்படியோடு நின்றுவிட்டாள். "நக்கோடா சூசை, இந்த வண்டி நமக்கு வேணாம். அந்தத் தொரை இன்னும் எறங்கல."

"குடிச்சிட்டுப் போகட்டும்க்கா. ஞாயித்துக்கெழம வரைக்கும் கோவிச்சுக்காம இருந்தா போதும்."

அக்கா ஜெபமாலையைத் தூர நின்றே வீசி ஹாண்டில்பாரில் மாட்டினாள். நான் தினமும் "குட் மார்னிங் சார்" சொல்லிவிட்டு ஊற்றினேன். (சல்யூட்டும் அடித்தேன். அக்காவுக்குத் தெரியாது.)

ஞாயிறு வந்தது. வெள்ளை சூட்டில் வந்தவர் வீட்டைப் பார்த்தார், காபி குடித்தார், திருப்தியாகத் தலையாட்டினார். பின்னால் ஏறி உட்கார்ந்தார். உதைத்தேன். மிதி கல்லாக இருந்தது, உள்ளே யாரோ காலைப் பிடித்துக்கொண்டதுபோல. ஏறி நின்று உதைத்தேன். வண்டி கர்ஜித்தது. வெள்ளைப் புகை கிளம்பி வேப்பமரத்தையே மறைத்தது. ஏதோ வெதுவெதுப்பாக என் காலில் பீய்ச்சியது.

"தொரை வந்துட்டாரு" என்று அலறிக்கொண்டு, மாமனாராக வேண்டியவரை வண்டியோடு விட்டுவிட்டு, தண்ணீர்த் தொட்டிவரை ஓடினேன்.

புகை கலைந்தபோது அவர் வண்டியைக் காலூன்றிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சூட்டில் பாதி கறுப்பு. நிதானமாக வண்டியை நிறுத்தி, இறங்கி, "ஒரு ஸ்பானர் இருக்குங்களா தம்பி?" என்றார்.

இஞ்சினுக்கு அடியில் இருந்த திருகைக் கழற்றினார். எண்ணெய் கொட்டியது. வாளி நிரம்பியது. அக்கா இன்னொரு வாளி வைத்தாள். சார்ஜென்ட் பதினைந்து நாள் குடித்ததை எல்லாம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நின்ன வண்டியில மேல இருக்கிற எண்ணெய் கசிஞ்சு கீழ எறங்கும், தம்பி. ஓட்டினா தானா மேல ஏறிடும். இதுல எண்ணெய் தீர்றதில்ல, சுத்தி வர்றது. பழைய எண்ணெயை எறக்காம நீங்க பாட்டுக்கு ஊத்தியிருக்கீங்க."

(சீட்டில் தூசி படியாததற்கு மட்டும் அவரும் காரணம் சொல்லவில்லை.)

ஜட்கா பிடித்துப் போனார். சம்பந்தம் போயிற்று என்று அக்கா அழுதாள், நானும்தான். அங்கே பிலோமினா அப்பாவின் சூட்டைப் பார்த்துவிட்டு, "உங்களை விட்டுட்டு நெசமாவே ஓடினாராப்பா?" என்று கேட்டாளாம். ஆமாம் என்றதும், "பயத்தை மறைக்கத் தெரியாதவர். பரவாயில்ல, இவரே போதும்" என்றாளாம்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும், நான் ஓட்டுகிற எதிலும் அவள் உடனே ஏறுவதில்லை. பேரன் பேத்திகள் சிரிக்கக் காத்திருக்க, சீட்டை முந்தானையால் ஒருதரம் துடைத்துவிட்டுக் கேட்பாள்:

"ஓடறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நானும் எறங்கிக்கிறேன்."