ஓர் ஒப்புதல் வாக்குமூலமும் ஐம்பது சிடிகளும்

திருமணமான புதிதில், வெளியூரில் வேலை பார்த்த என் கணவருக்கு ஒரு கேசட்டில் பேசி அனுப்பினேன். அதில், "குடை எடுத்துட்டுப் போன்னு நீங்க சொன்னதுதான் சரி. நான் கேக்கலை, தொப்பலா நனைஞ்சேன்" என்று ஒரு வாக்கியம் இருந்தது. இளமையில் செய்த பிழை. முப்பத்தோராண்டுகளாக, வாக்குவாதம் முற்றும்போதெல்லாம் அவர் அந்தக் கேசட்டை ஓடவிடுவார். அவர் சொன்னதை நான் ஒப்புக்கொண்டதற்கு உலகில் வேறு சான்று கிடையாது.

அண்மையில் நாடா தளர்ந்து, என் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசும் ஓர் ஆணின் குரலாயிற்று. அவர் அரண்டுபோனார். மறுநாளே கேசட்டைச் சிடியாக்கும் கருவி ஒன்றும் ஐம்பது வெற்று சிடிகளும் வீடு வந்து சேர்ந்தன.

"சிடியில ஏத்திட்டா அழிவே கிடையாது. பொண்ணுக்கு ஒண்ணு, பேங்க் லாக்கர்ல ஒண்ணு!"

கருவிக்கோ மாப்பிள்ளை முறுக்கு. முதல் சிடியை வாங்கிற்று, முனகிற்று, வெளியே தள்ளிற்று. அடுத்ததையும் அப்படியே. அவர் துடைத்தார், ஊதினார், சிலவற்றை வெயிலில் காயவைத்தார். பதினேழாவதை நீட்டும்போது, "கொஞ்சம் தயவு பண்ணுப்பா" என்று அதனிடம் கெஞ்சினார். என்னிடம் அவர் அவ்வளவு பணிவாகப் பேசியதில்லை.

நான் கையேட்டை எடுத்தேன். அவர் அதைத் தொடமாட்டார். தொட்டால் தோற்றதாகப் பொருள்.

"இதெல்லாம் கம்ப்யூட்டர் சிடிங்க. இந்த மெஷினுக்கு 'மியூசிக்'னு அச்சடிச்ச சிடிதான் ஆகுமாம். ஒன்பதாம் பக்கம்."

"அதுவும் வட்டம், இதுவும் வட்டம். ரெண்டுலயும் நடுவுல ஓட்டை. மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியலை. அதுக்குத் தெரியுது."

ஐம்பதும் தீர்ந்தபின் கடைக்கு நடந்தார். அந்த இனத்தில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. ஒருமுறை பதிந்தால் அழிக்க முடியாதது. கருவி அதை மறுபேச்சின்றி ஏற்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. கேசட் ஓசையின்றிச் சுழன்றது; முடியும் தறுவாயில் நாடா அறுந்தது. சிவப்பு விளக்கு மட்டும் அணையவில்லை.

"போகட்டும், ஏறியாச்சு!" என்றார்.

"ஏறினா போதாதுங்க. கடைசியில ஒரு பொத்தானை அமுக்கி முடிச்சு வைக்கணும். இல்லேன்னா வேற எந்த பிளேயர்லயும் பாடாது."

"எந்தப் பொத்தான்?"

"சொல்றேன். சிடி விஷயத்துல நான் சொன்னது சரியா, தப்பா?"

"இப்ப அதுவா முக்கியம்?"

"சரியா, தப்பா?"

"சரிம்மா தாயே! நீ சொன்னதுதான் சரி. எப்பவுமே நீ சொன்னதுதான் சரி. போதுமா?"

"போதும்" என்று, நானே பொத்தானை அமுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளையும் மருமகனையும் உட்காரவைத்து, அவர் சிடியை ஓடவிட்டார். குடையும் இல்லை, மழையும் இல்லை. கணீரென்று அவர் குரல்தான் ஒலித்தது: "எப்பவுமே நீ சொன்னதுதான் சரி."

கேசட்டிலிருந்து பதிவதா, முன்னாலுள்ள மைக்கிலிருந்து பதிவதா என்று மாற்றும் குமிழைப் பற்றிப் பதினான்காம் பக்கத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்.

மகள் தனக்கும் ஒரு பிரதி கேட்டாள். சிடியில் ஏற்றினால் அழிவே கிடையாது என்று அவர் சொன்னதுதான் சரி.